சுராங்கனி பாடிய மனிதரின் பெயர்

ஏ.ஈ. மனோகரன் அவர்கள் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். வயது 73. இந்தியாவில் சிலோன் மனோகர் என்றால்தான் தெரியும். இலங்கையில் எங்களுக்கு அவர் பொப் இசைச் சக்கரவர்த்தி.

அந்த நாட்களில் பதுளைக்காரர்களின் முகநூல் பக்கங்கள் முழுக்க அவர்தான். பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர் ஒருவர், லயத்தில் ஒரே ஒரு ரேடியோ இருந்த வீட்டு வாசலில் பொப் பாட்டுப் போடும் நேரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்த காலத்தை எழுதியிருந்தார். கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவன் ஒருவன், அன்றிரவு ரூமில் மலையாளிகளும் சேர்ந்து 'சுராங்கனி' பாடியதாக எழுதியிருந்தான்.

எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சுத்தான். எங்களோடு படிப்பிக்கும் சிங்கள டீச்சர் போனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவர் தமிழரா? சின்ன வயசிலிருந்து பாடுறேன், தெரியாதே!" புதிதாக வந்த தமிழ் டீச்சர் ஒருவர் அது சிங்களவர் ஒருவரின் பாட்டு என்றே நினைத்திருந்தார். இன்னொருவருக்கு அது சினிமாப் பாட்டு. அதிலும் பிழையில்லை, 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது தமிழகம் போய்ச் சேர்ந்தது.

போர்த்துக்கேயர் காலத்தில் இந்தத் தீவுக்கு வந்த பைலாத் தாளத்தில் எங்கள் பேச்சுத் தமிழை ஏற்றியவர்கள் நித்தி கனகரத்தினம், மனோகரன் போன்றவர்கள். மனோகரன் தமிழிலும் சிங்களத்திலும் பாடினார். 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார். ஆனால் எங்கள் மலைநாட்டுக்கு அவர் விட்டுச் சென்றது அந்த ஒரு பாட்டுத்தான்.

பாடசாலை ட்ரிப் பஸ் ஹாலிஎல தாண்டுவதற்குள் பின் சீட்டில் அது ஆரம்பித்துவிடும். ரபான் இல்லாவிட்டால் சீட்டின் முதுகு, சாப்பாட்டுப் பெட்டி, எது கிடைத்தாலும் மேளம். மீன் என்றால் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரரை மட்டுமே தெரிந்த பிள்ளைகள், மீன் கொண்டுவந்த பாட்டைப் பாடிக்கொண்டே முதன்முதலாகக் கடல் பார்க்கப் போவார்கள். சிங்கள டிரைவரும் தலையாட்டுவார்.

இதை வைத்து "இசை இனங்களை இணைத்துவிட்டது" என்று பலர் எழுதினார்கள். எங்களுக்கு அந்தப் பதிவுகளுக்கு லைக் போடக் கை வரவில்லை. இதே பதுளை டவுனில் 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. எரித்தவர்களுக்கும் அந்தப் பாட்டுத் தெரிந்திருக்கும். 2017 நவம்பரில் கிந்தோட்டையில் எங்கள் சனங்களின் வீடுகளுக்குக் கல்லெறிந்தவர்களும் ஒரு காலத்தில் ட்ரிப் பஸ்ஸில் கைதட்டிப் பாடியவர்களாகத்தான் இருப்பார்கள்.

பாட்டின் மீது குற்றமில்லை. நாற்பது வருடமாக எல்லோரும் பாட்டை எடுத்துக்கொண்டோம், பாடியவர் யார் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சவனை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, சமைத்தவரின் பெயரைக் கேட்காமல் வருவது போலத்தான் இதுவும். வட்டிலப்பம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதை அனுப்பிய வீட்டாரைத் தெரிந்தால்தானே, அந்த வீட்டுக்கு ஒன்று என்றால் ஓடி வருவார்கள்?

மறுநாள் அந்தச் சிங்கள டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். மனோகரனின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். எத்தனையோ அனுதாபப் பதிவுகளுக்கு நடுவில் எங்கள் மனதைத் தொட்டது அந்தக் காகிதம்தான்.

அடுத்த ட்ரிப்பில் பிள்ளைகள் பாடத் தொடங்கும் முன் அந்தப் பெயரைச் சொல்வதென்று நாங்களும் முடிவு செய்திருக்கிறோம். அவருடைய பழைய இசைத்தட்டோ கசெட்டோ உங்கள் வீட்டில் கிடந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

அன்னாரின் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.