இடைச்செருகல்

எங்கள் வாசகர் வட்டத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அது இன்னும் திண்டிவனத்தில் உலவிக்கொண்டிருக்கிறது. சொன்னவன் நான் என்பதால் அதற்கு மரியாதை வேறு.

செஞ்சி ரோட்டில் ஓர் அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுவோம். பழைய நூல் ஒன்றை எடுத்து அடி அடியாகப் படிப்பது வழக்கம். பேராசிரியர் யாரும் கிடையாது. ஓய்வு பெற்ற தபால்காரர், உரக்கடைக்காரர், கல்லூரிப் பையன்கள் சிலர், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. நான் பத்திர எழுத்தர். நாலு பாட்டு மனப்பாடமாக வரும் என்பதற்காக என்னைப் ‘புலவரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சிறுபாணாற்றுப்படையைப் படிக்கலாம் என்றது நான்தான். 269 அடி, சீக்கிரம் முடிந்துவிடும். அதோடு அது எங்கள் ஊர்ப் பாட்டு. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில்தான் இன்றைக்குத் திண்டிவனத்தோடு சேர்ந்து கிடக்கும் கிடங்கல். பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். கடப்பாக்கம் பக்கம், பஸ்ஸில் போய்வரும் தூரம். பாணன் போகிற வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். வஞ்சியும் மதுரையும் உறந்தையும் இவன் கொடைக்கு முன்னால் வறியவை என்று புலவர் பாடியிருப்பதைச் சொன்னபோது உரக்கடைக்காரர் கையே தட்டிவிட்டார்.

இதையெல்லாம் நான் பாட்டைப் படித்துச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கான பொழிப்புரைச் சுருக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. முதல் நாள் ராத்திரி அதைப் புரட்டிக்கொண்டு போய் மறுநாள் முழங்குவேன். மூலத்தைக் கையில் விரித்து வைத்திருப்பதோடு சரி.

பாணனின் பழைய வறுமையைச் சொல்லும் இடம் வந்தது. என் சுருக்கத்தில் அதற்கு ஒரே வரி: ‘வறுமையின் கொடுமை கூறப்படுகிறது.’ நானும் ஒரே வரியில் தாண்டினேன். அந்த அம்மா விடவில்லை. கூரை சரிந்த அடுக்களை, கரையான் அரித்த சுவரில் பூத்த காளான், கண் திறக்காத குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்கப் பால் இல்லாமல் குரைக்கிற நாய், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வேக வைக்கிற பெண், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதைப் பகிர்ந்து தின்பது என்று 130ஆம் அடியை ஒட்டி வருகிற எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் கேட்டார்:

“சார், உப்பில்லாம வேக வெச்சான்னு போட்டிருக்கு. இதே பாட்டுல முன்னாடி உப்பு வண்டி போச்சே. மரக்காணத்துல அவ்ளோ உப்பு வெளையுது. இவளுக்கு மட்டும் ஏன் சார் உப்பு இல்ல?”

அந்த அடிகளை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். “தெரியலைம்மா” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அது இடைச்செருகல்மா. பிற்காலத்துல யாரோ சேர்த்தது” என்றேன்.

“அப்படியா சார்” என்றவர், தன் புத்தகத்தில் அந்த அடிகளைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டார். பையன்களும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி உ.வே.சா. பதிப்பை எடுத்துப் பார்த்தேன். 1889இல் அவர் முதலில் அச்சிட்ட பத்துப்பாட்டின் பிற்காலப் பதிப்பு. என் அலமாரியில் கௌரவத்துக்காக நின்றது. நச்சினார்க்கினியர் அந்த அடிகளுக்கும் உரை எழுதியிருக்கிறார். சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்த ஞாயிறு போனேன், எதுவும் சொல்லவில்லை. பிறகு தபால்காரர் வேறொரு கூட்டத்தில் இந்த ‘இடைச்செருகலை’ப் பெருமையாக எடுத்துவிட்டார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தலையாட்டினேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ரசிகமணி டி.கே.சி. அவரும் தமிழாசிரியர் இல்லை, வக்கீலுக்குப் படித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனைப் படித்தார்கள். இது கம்பன் பாட்டே இல்லை என்று எத்தனையோ செய்யுள்களை அவர் தள்ளினார், திருத்தவும் செய்தார், பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர் செய்யலாம், நான் செய்யக் கூடாதா? ஆனால் அவர் ஒவ்வொரு பாட்டையும் பாடிப் பாடிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். நான் படிக்காமலே தள்ளினேன். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால்கூட அதைக் குறித்துக் கையெழுத்து வாங்குகிற தொழில் என்னுடையது.

அந்தக் கேள்விக்கு விடை என்ன? யோசித்துப் பார்த்தேன். சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பை நெல்லுக்கு மாற்றுகிறார்கள். கடலோரத்தில் எவ்வளவு உப்பு குவிந்தாலும், வீட்டில் நெல் இருக்கிறவள்தான் வண்டியை நிறுத்தலாம். குப்பைக்கீரை கிள்ளுகிறவளிடம் மாற்றுவதற்கு என்ன இருக்கும்? பாண்டிய நாட்டைச் சொல்லுமிடத்தில் உமணர் பிள்ளைகளோடு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அதே புலவர்தான் இவள் பாத்திரத்தில் உப்பில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது அந்த அம்மா. எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உப்புப் பார்த்துச் சோறு போட்ட கை அது. பாட்டின் நடு நரம்பைத் தொட்டவரிடம்தான் நான் அதைக் கட்டம் போட்டு ஒதுக்கச் சொன்னேன்.

நேரில் சொல்லத் துணிச்சல் வராமல் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வட்டத்தில் இதை வாங்குகிறவர் தபால்காரர் ஒருவர்தான். அவர் படித்துவிட்டு அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவார், எனக்கு வேலை மிச்சம் என்ற நப்பாசையும் இருக்கிறது. அடுத்து மலைபடுகடாம் என்று முடிவாகியிருக்கிறது. 583 அடி. முன்னுரை சொல்ல என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லியும் விட்டேன்.