ஒரு புட்டி வாங்கிய கதை

பரிசு வாங்கிக் கொடுப்பதைப் போல மனிதனைச் சோதனைக்கு உள்ளாக்கும் காரியம் உலகத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நமக்கென்று ஒரு பொருள் வாங்கினால் பணம் மட்டும்தான் கையை விட்டுப் போகிறது. பிறருக்கென்று வாங்கும்போது நம்முடைய மனசும் பொட்டலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவரை நாம் எவ்வளவு தூரம் தெரிந்து வைத்திருக்கிறோம், எந்த இடத்தில் வைத்திருக்கிறோம், எவ்வளவு சுருக்கமாகக் காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தோம், எல்லாவற்றையும் பிரித்த மாத்திரத்தில் அது சொல்லிவிடும். வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கே இந்தக் கதி என்றால், மதுப்புட்டியின் கதியைக் கேட்பானேன்?

"மதுப்புட்டியா!" என்று முகத்தைச் சுளிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கெட்டுப்போன குடிகள் சிலவற்றைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் மெக்ஸிகோ தேசத்தில், ஹலிஸ்கோ மாகாணத்தில், டெக்கீலா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் எரிமலையின் பெயரும் அதுவே. அப்புறம்தான் அது ஒரு பானத்தின் பெயர். 2006-ல் அந்தப் பிரதேசத்துக் கற்றாழை வயல்களையும் பழைய ஆலைகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்துக்களின் ஜாபிதாவில் சேர்த்தது. இத்தனை மரியாதை பெற்ற ஒரு வஸ்துவைப் பற்றித் தெரிந்துகொள்வதால் யாருக்கும் தலை சுற்றிவிடாது.

எனக்கு இந்தப் படிப்பைச் சொல்லிவைத்தவன் என் தங்கை மகன். குவாடலஹாரா நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம். டெக்கீலா ஊர் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். 2024-ஆம் வருஷம் நான் அவன் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, ஒரு நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, எங்க ஆபீசுல ஒரு பெரியவர் ரிடையர் ஆகிறார். நான் இங்கே வந்த புதுசிலே பாஷை தெரியாமே திண்டாடினப்போ, வீடு பார்த்துக் கொடுத்ததிலேயிருந்து ஜுரத்துக்குச் சூப்பு வைச்சுக் கொடுத்தது வரைக்கும் எல்லாம் அவர்தான். ஒரு நல்ல டெக்கீலா வாங்கித் தரணும். நீங்களும் கடைக்கு வாங்க."

"நான் என்னடா கண்டேன் அதிலே?"

"டெக்கீலா தெரியாட்டா என்ன? மனுஷங்களைத் தெரியுமே உங்களுக்கு" என்றான். கதை எழுதுகிறவனை மடக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

போகும் வழியில்தான் அவன் முக்கியமான விஷயத்தைச் சொன்னான். அந்தப் பெரியவரின் தகப்பனார் ஒரு 'ஹிமடோர்'. அதாவது, டெக்கீலாவுக்கான கற்றாழையை அறுக்கும் தொழிலாளி. நாற்பது வருஷம் வயலில் வெயில் காய்ந்து பிள்ளையைப் படிக்க வைத்தவர். எனக்குச் சற்று வயிற்றைக் கலக்கியது. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி வாங்கிக் கொடுப்பது போன்ற காரியம் அல்லவா இது? நூல் இழையைத் தடவிப் பார்த்தே நம்முடைய யோக்கியதையை அவர் எடை போட்டுவிடுவாரே!

கடை என்று சொன்னேனே, அதை ஒரு பொம்மைக் கொலு என்றே சொல்லலாம். பீங்கானில் பூ வேலைப்பாடு செய்த புட்டி, குதிரை வடிவத்தில் ஒரு புட்டி, கோபுர கலசம் போல மூடி வைத்த இன்னொரு புட்டி என்று படிப்படியாக அடுக்கியிருந்தார்கள். சினிமா நட்சத்திரங்களின் பெயரால் விற்பனையாகும் சரக்குகள் ஒரு தட்டு முழுவதும் இருந்தன. நட்சத்திரங்களுக்கு இதில் நல்ல யோகம். ஜார்ஜ் க்ளூனியும் அவருடைய சிநேகிதர்களும் ஆரம்பித்த காஸமிகோஸ் என்ற கம்பெனியை 2017-ல் டியாஜியோ நிறுவனம் நூறு கோடி டாலர் வரை போகக்கூடிய விலைக்கு வாங்கியது. என் மருமான் கண் பீங்கான் புட்டியின் மேல் போயிற்று. விலையும் கனமாக இருந்தது. "இதையே வாங்கிடலாமா மாமா?" என்றான்.

கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். தகப்பனார் ஹிமடோர் என்றதும் சிரிப்பு நின்றது. பீங்கான் புட்டியை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "முன் பக்கத்தைப் பார்க்காதே, பின் பக்கத்தைப் படி" என்று ஆரம்பித்தாள். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 'நூற்றுக்கு நூறு அகாவே' என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால், அதன் சர்க்கரையில் 51 பங்கு அகாவேயிலிருந்து வந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதி கரும்பு முதலிய வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஜாதியைத்தான் உப்பும் எலுமிச்சம்பழமும் கடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கியவர்கள். இரண்டாவது, நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். எந்த ஆலையில் வடித்தது என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். வெவ்வேறு பெயர், வெவ்வேறு விலை, ஆனால் ஒரே எண் என்றால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, வயது. பீப்பாயில் வைக்காமலோ, சொற்ப காலமே வைத்தோ புட்டியில் அடைத்தது 'பிளாங்கோ', வெள்ளை. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாசம் இருந்தால் 'ரெப்போஸாடோ', அதாவது ஓய்வெடுத்தது. ஒரு வருஷம் இருந்தால் 'அன்யேஹோ'. மூன்று வருஷத்துக்கு மேல் போனால் 'எக்ஸ்ட்ரா அன்யேஹோ'. இந்தப் பட்டம் 2006-ல்தான் ஏற்பட்டது. வயது ஏற ஏற விலையும் ஏறும். உசத்தியும் அப்படியே ஏறும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பீப்பாயில் அதிக நாள் இருந்தால் மரத்தின் வாசனை தூக்கலாகிச் செடியின் வாசனை மங்கிவிடும். தவிர, நிறத்துக்கும் இனிப்புக்கும் வழவழப்புக்கும் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை காரமெல், ஓக் ரசம், கிளிசரின், சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. பொன்னிறம் எல்லாம் பீப்பாயின் உபயம் என்று நம்பிவிட முடியாது. வெள்ளையில் ஒளித்து வைக்க இடம் குறைவு. சமையல்காரன் கெட்டிக்காரனா என்று தெரிய வேண்டுமானால் பாயசத்தை விட்டுவிட்டு ரசத்தை ருசி பார்க்க வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி.

"அப்போ தகப்பனார் அறுத்த செடியின் மணம் தெரியணும்னா வெள்ளைதான்" என்று நான் சொன்னதை மருமான் மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அந்தச் செடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ரயில் பாதை ஓரங்களில் முள் முனையோடு விறைத்து நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் பூர்வீகம் மெக்ஸிகோதான். அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் இந்த நீல அகாவே. குணத்தில் நம் வாழையைப் போன்றது. ஆயுளில் ஒரே தரம் பூத்து, அதோடு பிராணனை விடும். போவதற்கு முன் அடியில் கன்றுகளை விட்டிருக்கும். அந்தக் கன்றுகளைப் பெயர்த்து நட்டுத்தான் சாகுபடி செய்கிறார்கள். நட்ட கன்று முதிர்வதற்கு ஆறு முதல் எட்டு வருஷம் ஆகும். பூந்தண்டு கிளம்பினால் சேர்த்து வைத்த சர்க்கரையெல்லாம் அதற்கே போய்விடும் என்று தண்டை வெட்டிவிடுவார்கள். அப்புறம் ஹிமடோர் வருவார். நீண்ட காம்பில் வட்டத் தகடு பொருத்திய 'கோவா' என்ற கருவியால் மட்டைகளை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளுவார். மிஞ்சுகிற நடுப்பாகம் பார்வைக்கு ராட்சத அன்னாசிப் பழம். பெயரும் 'பின்யா', அன்னாசிதான். சாதாரணமாக முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் செங்கல் சூளையில் ஒன்றிரண்டு நாள் வேக வைத்து, நசுக்கி, புளிக்க வைத்து, இரண்டு தரம் வடித்தால் டெக்கீலா. ஒரு லிட்டருக்குச் சுமார் ஏழு கிலோ அகாவே வேண்டும். அவசரக்காரர்களுக்கு நீராவி அண்டா உண்டு. அதைவிட அவசரக்காரர்கள் டிஃப்யூஸர் என்ற இயந்திரத்தில் பச்சையாகவே அரைத்து, தண்ணீரைப் பாய்ச்சிச் சத்தை உறிஞ்சிவிடுகிறார்கள். சத்து வரும், வெந்த மணம் வருமா?

பூக்கவிடாமல் வெட்டுவதில் ஒரு பாவமும் இருக்கிறது. அகாவேப் பூவின் தேனை நம்பி வாழ்வது ஒரு ஜாதி வௌவால். பூ இல்லாமல் அது பட்டினி. மகரந்தம் கலக்காமல் செடிகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகி, ஒரு வியாதி வந்தால் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். 1990-களில் அப்படி ஒரு கஷ்டம் வந்தும் இருக்கிறது. ரொட்ரிகோ மெடெயின் என்ற விஞ்ஞானி, நூற்றுக்கு ஐந்து செடியையாவது பூக்கவிடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் மன்றாடினார். சிலர் இணங்கினார்கள். 2016-ல் 'வௌவாலுக்குச் சிநேகமான' டெக்கீலா முதன்முதலாகக் கடைக்கு வந்தது. பக்ஷிக்கென்று வயலில் நாலு கதிரை விட்டு வைக்கும் மனசு எல்லாத் தேசத்திலும் இருக்கிறது.

கடைசியில் நாங்கள் வாங்கியது டெக்கீலா ஊரிலேயே வடித்த ஃபோர்டலேஸா பிளாங்கோ. ஊதிச் செய்த கண்ணாடிப் புட்டி. மூடி, சின்னப் பின்யா வடிவம். பீங்கான் புட்டியைவிட விலை வெகு சரசம். இதற்கு ஒரு வம்ச கதை உண்டு. டெக்கீலாத் தொழிலில் பெரிய பெயரான ஸௌஸா குடும்பத்தார் 1976-ல் தொழிலை விற்றுவிட்டார்கள். குடும்பத்திடம் மிஞ்சிய பழைய சிறு ஆலையை, விற்றவரின் பேரர் கியர்மோ எரிக்ஸன் ஸௌஸா மறுபடி தூசி தட்டி ஓடவைத்தார். எரிமலைக் கல்லில் செய்த வட்டச் சக்கரத்தால் அகாவேயை நசுக்கும் பழைய முறைதான் அங்கே இன்னும் நடக்கிறது.

பெரியவர் புட்டியைக் கையில் வாங்கியவுடன் திருப்பிப் பின் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். எனக்கும் மருமானுக்கும் மூச்சு நின்றது. பிறகு, ஒன்றும் சொல்லாமல் மூன்று சிறு கிண்ணம் கொண்டுவந்து ஊற்றினார். முகர்ந்து பார்த்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் இந்த வாசனைதான்" என்றார்.

நானும் ஒரு வாய் பருகினேன். முதலில் நாக்கில் மிளகு. அப்புறம் வெந்த கிழங்கின் இனிப்பு. கடைசியில் மழை பெய்த மண்ணின் நினைப்பு. அதற்குமேல் வர்ணிப்பது வயசுக்கு அழகல்ல.

கிண்ணம் பாதியானபோது அவர் தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். அகாவே விலை ஏறிக்கொண்டே போன சமயத்தில், இருந்த நிலம் பூராவும் கன்று நட்டாராம் தம்பி. 2022 வாக்கில் கிலோ முப்பது பேசோ வரை விற்றது. எல்லோரும் நட்டார்கள். எல்லோருடைய செடியும் சேர்ந்து முதிர்ந்தது. விலை பத்துப் பேசோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. "வெட்டுக் கூலிக்குக் கட்டுமா என்று யோசிக்கிறான். செடி காத்திருக்காது, பூத்துவிடும்" என்றார். கடைகளில் புட்டியின் விலை இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர்க்காரனுக்கும் ஒட்டன்சத்திரத்துக்காரனுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால், எதை வாங்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான். தனியாக உட்கார்ந்து பருக வெள்ளை. சமவெளிச் சரக்கில் மிளகும் பச்சிலையும் தெரியும், ஆரண்டாஸ் பக்கத்து மேட்டுச் செம்மண் சரக்கில் இனிப்பும் பூவும் தெரியும். நாலு பேரோடு பகிர்ந்துகொள்ள ரெப்போஸாடோ. டான் ஹூலியோ என்ற புகழ் பெற்ற வடிப்பாளர், மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தை மறைக்கக் கூடாது என்றுதான் புட்டியைக் குட்டையாகச் செய்தார் என்று சொல்வார்கள். பந்திக்கு வேண்டிய இங்கிதம் அதுதான். பிராந்தி விஸ்கி பழகிய கனவானுக்குக் கொடுப்பதென்றால் அன்யேஹோ. எதுவானாலும் பின் பக்கத்தைப் படியுங்கள். யார் அறுத்தார், யார் வேக வைத்தார், யார் காத்திருந்தார் என்று விசாரியுங்கள். உப்பும் எலுமிச்சம்பழமும் வீட்டில் ஊறுகாய்க்கு இருக்கட்டும்.

வாங்கிய பிறகு மெதுவாகப் பருகுங்கள். ஒரு செடி ஏழெட்டு வருஷம் மண்ணில் தவம் கிடந்திருக்கிறது. நாம் ஒரு வாய்க்கு ஏழெட்டு நிமிஷம் காத்திருந்தால் குடி ஒன்றும் முழுகிப்போய்விடாது!