தோல்வியை ஒளித்துவைக்காத அணி



மார்ச் மாதம் பிறந்துவிட்டால், நாம் வாழும் இந்த வட கரோலினாவில் எங்கு திரும்பினாலும் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிய பேச்சுதான். டியூக், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட் என மூன்று பெரிய பல்கலைக்கழக அணிகள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தின் விதிகளைக் கற்றுக்கொடுத்தவர்கள் நம் சபையின் வாலிபர்களே. 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி என்றும், ஒருமுறை தோற்றால் வீடு திரும்பவேண்டியதுதான் என்றும் அவர்கள் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். இந்தப் போட்டி பெரும்பாலும் லெந்து நாட்களில் வருவதால், ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் கைபேசியை எடுப்பதைக் கண்டும் காணாதவனாக இருக்கவும் பழகிக்கொண்டேன்.

இந்த வாரம் நான் எழுதப்போவது ஒரு அணியைப் பற்றி. அதனோடு என் தவறு ஒன்றைப் பற்றியும். இதில் இடம்பெறும் சகோதரரிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 16, வெள்ளிக்கிழமை. லெந்து ஆராதனைக்குப் பின் வாலிபர்கள் சபை மண்டபத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அமர்ந்தேன். ஷார்லட் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் விர்ஜீனியா பல்கலைக்கழக அணி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணியை எதிர்கொண்டது. விர்ஜீனியா அந்த ஆண்டு போட்டியிலேயே முதல் இடம் வழங்கப்பட்ட அணி. எதிரணியோ தன் பிரிவில் கடைசியான 16-ஆம் இடத்தில் இருந்தது. போட்டி 64 அணிகளாக விரிவாக்கப்பட்ட 1985 முதல், ஆடவர் போட்டியில் முதலிடத்து அணியும் 16-ஆம் இடத்து அணியும் 135 முறை மோதியிருந்தன. 135 முறையும் முதலிடத்து அணியே வென்றிருந்தது.

இடைவேளையில் இரு அணிகளும் 21 புள்ளிகளுடன் சமமாக நின்றன. ஆட்டம் முடிந்தபோது 74க்கு 54 என்ற கணக்கில் விர்ஜீனியா தோற்றிருந்தது. நூலிழையில் நழுவிய ஆட்டம் என்று சொல்லி ஆறுதல் அடையவும் வழியில்லை. இருபது புள்ளி வித்தியாசம்! மண்டபம் அதிரும்படி பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் தாவீதையும் கோலியாத்தையும் இந்த ஆட்டத்தோடு இணைத்துப் பேசினேன். விழுந்தவர்களை வைத்து ஒரு நகைச்சுவையும் சொன்னேன். சபை ரசித்தது. பிரசங்கம் நன்றாக அமைந்தது என்ற திருப்தியோடு வீடு சென்றேன்.

அந்த ஞாயிறுக்குப் பின் வாலிபர் ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மருத்துவப் படிப்பை நோக்கிக் கல்லூரியில் சேர்ந்திருந்தவர். அவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, அவரைப் பீடத்தருகே அழைத்து நிறுத்தி, "நம் சபைப் பிள்ளைகளுக்கு இவர் ஒரு முன்மாதிரி" என்று சொன்னவன் நான்தான். நான்கு வாரங்கள் கழித்து அவரைத் தேடிப் போனேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், கடைசியில் சொன்னார்: "ஐயா, நான் ரெண்டு செமஸ்டரா வேதியியல்ல ஃபெயில். வீட்டுல இன்னும் தெரியாது. அன்னைக்கு நீங்க எல்லாரும் சிரிச்சப்போ, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு."

என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, முப்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். இறையியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு கிரேக்கத் தேர்வில் நான் தோற்றேன். கிராமப் பள்ளி ஆசிரியரான என் தகப்பனார் கேட்டபோது, முடிவு இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். மறுதேர்வு எழுதித் தேறிய பிறகே முடிவு வந்ததாகக் கடிதம் எழுதினேன். உண்மையை அறியாமலே அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். அந்தப் பொய்யின் பாரம் இன்றுவரை என்னோடு இருக்கிறது. தேர்வில் தோற்றதை எப்போதோ மறந்திருப்பேன்; அதை ஒளித்துவைத்ததுதான் மறக்கவிடாமல் செய்தது.

அதன் பிறகுதான் விர்ஜீனியா அணியைச் சற்றுக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

தோற்ற அந்த இரவிலேயே பயிற்சியாளர் டோனி பென்னட் செய்தியாளர் முன் வந்தார். காயத்தால் ஆட முடியாமற்போன முக்கிய ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹண்டரைக் காரணம் காட்டி அவர் தப்பித்துக்கொள்ள முயலவில்லை. எதிரணி தங்களை எல்லா வகையிலும் மிஞ்சி ஆடியது என்று ஒப்புக்கொண்டு, அவர்களைப் பாராட்டினார். அணியின் காவலர் இடத்தில் ஆடிய கைல் கை, தோல்விக்குப் பின் தாம் குனிந்து நின்ற படத்தையே தம் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். தமக்கிருந்த மனப்பதற்றத்தைப் பற்றியும் அவர் வெளிப்படையாக எழுதினார். அடுத்த பருவம் முழுவதும் ஊர் ஊராக எதிரணி ரசிகர்கள் அந்தத் தோல்வியைச் சொல்லிக் கேலி செய்தார்கள். இவர்களோ அதைப் பேசக்கூடாத பேச்சாக ஆக்கிக்கொள்ளவில்லை. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால், வேறு எவ்வழியாலும் போயிருக்க முடியாத ஓர் இடத்துக்கு அதுவே பயணச்சீட்டாகும் என்னும் பொருளில் ஒரு கதைசொல்லி பேசியதைப் பென்னட் கேட்டிருந்தார். அதையே தம் அணிக்கும் எடுத்துச் சொன்னார். தாழ்மை, பேரார்வம், ஒற்றுமை, ஊழியம், நன்றியறிதல் ஆகிய ஐந்தும் அவருடைய அணியின் தூண்களாக இருந்தன. வேதத்திலிருந்து எடுக்கப்பட்ட இவற்றை அவர், தாமும் பயிற்சியாளராக இருந்த தம் தகப்பனாரிடமிருந்து பெற்றவர்.

அடுத்த ஆண்டு 2019-இல் அவர்கள் மீண்டும் முதலிடத்து அணியாக வந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே 16-ஆம் இடத்து கார்ட்னர்-வெப் அணியிடம் 14 புள்ளிகள் பின்தங்கினார்கள். பழைய பயம் நேரில் வந்து நின்றது. ஆயினும் 71க்கு 56 என்று வென்றார்கள். பர்டூ அணியுடனான ஆட்டத்தில் நேரம் முடியும் மணி ஒலிக்கையில் மமாடி டியாகிடே எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து ஆட்டத்தைச் சமமாக்கியது. கூடுதல் நேரத்தில் 80க்கு 75 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஆபர்ன் அணியிடம் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கையில், 0.6 விநாடி மீதமிருக்க, கைல் கைக்கு மூன்று தனி எறிகள் கிடைத்தன. பதற்றத்தைப் பற்றி எழுதிய அதே வாலிபர். மூன்றையும் கூடையில் இட்டார்: 63க்கு 62. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், முந்தைய ஆண்டு காயத்தால் வெளியே இருந்த ஹண்டர் 27 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்தில் டெக்சாஸ் டெக் அணியை 85க்கு 77 என்று வென்று, விர்ஜீனியா தன் வரலாற்றில் முதல்முறையாகத் தேசிய வெற்றிக் கோப்பையைப் பெற்றது. அந்தப் பருவத்தில் 35 வெற்றி, 3 தோல்வி மட்டுமே.

இங்கே பிரசங்கத்தை முடித்துவிட எனக்கு ஆசைதான். "விழுந்தவன் எழுந்தான், ஆமென்" என்று சொன்னால் சபையும் மகிழும். ஆனால் அந்த வாலிபரின் முகம் என்னைத் தடுக்கிறது. அந்த மூன்று எறிகளில் இரண்டு தவறியிருந்தால்? ஆபர்ன் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் விர்ஜீனியா செய்த விதிமீறல் ஒன்றை நடுவர்கள் கவனிக்கவில்லை என்பது பரவலாகப் பேசப்பட்டது. அதை அவர்கள் கண்டிருந்தால்? கோப்பை வேறொருவருக்குப் போயிருக்கும். அப்பொழுது அந்த அணியின் தாழ்மை பொய்யாகிவிடுமா? தோல்வியின் இரவில் அவர்கள் உண்மை பேசியபோது, ஓராண்டு கழித்துக் கோப்பை வரும் என்று யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. நம் கண்ணுக்குக் கோப்பை பெரிதாகத் தெரிகிறது. எனக்கோ அந்த முதல் இரவே பெரிதாகத் தெரிகிறது.

யோவான் சுவிசேஷத்தில் பேதுருவை நினைத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்கையில் அவர் ஆண்டவரை மறுதலித்தார். அங்கே எரிந்துகொண்டிருந்தது கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்குக் காலை உணவு ஆயத்தம்பண்ணியபோதும் அங்கே இருந்தது கரிநெருப்பு. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. (கிரேக்கத்தில் தோற்றவன் சொல்கிறேன், சரிபார்த்துவிட்டேன்!) பேதுரு மறக்க நினைத்திருக்கக்கூடிய அதே வாசனைக்குள் ஆண்டவர் அவரை மீண்டும் அழைத்தார். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் குறித்துக் கேட்டார். பெந்தெகொஸ்தே நாளின் பெரிய வெற்றி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு அந்தக் கரிநெருப்பின் அருகிலேயே கொடுக்கப்பட்டது.

அந்தச் சகோதரர் மருத்துவர் ஆகவில்லை. பாடத்தை மாற்றிக்கொண்டு, ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றார். பெற்றோரிடம் சொன்ன நாளில் நானும் உடன் இருந்தேன். தகப்பனார் முதலில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, சபையில யாருக்கும் தெரியவேண்டாமே?" அவரை நான் குறைசொல்லமாட்டேன். கடன் வாங்கி இந்தத் தேசத்துக்கு வந்து, இரவும் பகலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர் அவர். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டில் துக்கம் வந்தால் முதலில் சபைக்குச் சொல்கிறோம். தோல்வி வந்தால் மட்டும் சபைக்குத் தெரியக்கூடாது என்கிறோம். அப்படி ஒரு சபையை நாம் எப்போது கட்டினோம்? அதன் கொத்தனார்களில் நானும் ஒருவன்.

நம் சாட்சி நேரத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம், விசா வந்தது, பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் வேலை போனவரும் தேர்வில் தோற்றவரும் அதே வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து நிற்க நாம் இடம் வைத்திருக்கிறோமா?

வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் முதலில் எழுந்து, என் கிரேக்கத் தேர்வையும் என் தகப்பனாரிடம் சொன்ன பொய்யையும் சொல்லப்போகிறேன். உங்களில் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். பேச மனமில்லாதவர்கள் ஆராதனைக்குப் பின் காபி வேளையில் என்னிடம் வாருங்கள். இம்முறை சிரிக்கமாட்டேன்.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, நாங்கள் ஒளித்துவைத்திருப்பவற்றை நீர் அறிவீர். கரிநெருப்பின் அருகே பேதுருவுக்கு இடம் கொடுத்தவரே, எங்களுக்கும் இடம் தாரும். ஒருவர் விழும்போது மற்றவர் சிரியாதபடி எங்கள் வாயைக் காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் வெற்றியோடு மட்டுமல்லாமல் தோல்வியோடும் வீடு திரும்பத் தக்கதாக எங்கள் வீடுகளையும் எங்கள் சபையையும் மாற்றியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்