ரசீதில் என் பெயர்

“அத்தே, உங்க கார்டக் கொஞ்சம் தேய்க்கணும்” என்று தம்பி மகன் கேட்டபோது மோட்டார் சைக்கிள் ஏதாவது பழுதாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். டயர், பிரேக், மிஞ்சிப்போனால் எஞ்சின். 300, 400 வெள்ளிக்குள் முடிகிற விஷயம். எவ்வளவு என்று கேட்டேன். “ஆறாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்போது” என்றான்.

2023 அக்டோபர் மாதம். ஐபோன் 15 புரோ மேக்ஸ் மலேசியாவில் விற்பனைக்கு வந்து சில வாரங்கள்தாம் ஆகியிருந்தன. அவனுக்கு வயது 22. ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அடிப்படைச் சம்பளம் 1,500 வெள்ளி. ஓவர்டைம் கிடைக்கும் மாதத்தில் கொஞ்சம் கூடும். ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இல்லாதவருக்கு இந்த நாட்டில் கடன் அட்டை கிடையாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என்னிடம் ஒன்றுக்கு இரண்டாக இருக்கின்றன. வட்டியில்லாமல் 24 மாதத் தவணை, மாதம் 270 வெள்ளி 79 காசு. சம்பளம் போட்ட அன்றைக்கே என் கணக்கில் போட்டுவிடுவானாம்.

மாட்டேன் என்றேன். சும்மா சொல்லவில்லை, பாடமே நடத்திவிட்டேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடியபோது என் வகுப்பில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். அதையும் காலையில் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நான் பகலில் அனுப்பும் கணக்குகளுக்கு விடை இரவு 10 மணிக்கு மேல்தான் வரும், விரிசல் விழுந்த கேமராவில் எடுத்த மங்கலான படமாக. நீ கேட்கும் ஒரு போன் விலையில் அந்த மாதிரிப் பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் வாங்கலாம், தெரியுமா? சொல்லி முடித்ததும் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுத்தேனா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல பையன்.

அவன் வேறொன்று கேட்டான். “2017-ல ஐபோன் எக்ஸ் என்னா வெல தெரியுமா அத்தே? ஐயாயிரத்து நூத்து நாப்பத்தொம்போது. அப்ப மினிமம் சம்பளம் ஆயிரம். அஞ்சு மாசச் சம்பளத்துக்கு மேல. இப்ப ஆயிரத்து ஐந்நூறு. நாலு மாசம் சொச்சம்தான் வருது. கணக்குப் பாத்தா வெல கொறஞ்சிருக்கு.”

கணக்கு வாத்தியாரிடமே கணக்கு. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 999 டாலருக்கு எக்ஸ் வந்தபோது ஒரு போனுக்கு ஆயிரம் டாலரா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆயிரம் பழகிப்போய்விட்டது. 15 புரோ மேக்ஸ் அங்கே 1,199 டாலர். இங்கே அந்த விலையோடு ரிங்கிட்டின் சோர்வும் சேர்ந்துகொண்டது. 2023-இல் ஒரு டாலருக்கு 4 வெள்ளி 70 காசுக்கு மேல்கூடக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால், அவன் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. நாலு மாதச் சம்பளத்தை முழுசாக எடுத்துப் போனுக்குக் கொடுக்கிறவன் அந்த நாலு மாதமும் எதைச் சாப்பிடுவான்? சம்பளம் கூடிய அதே ஆண்டுகளில் சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டுச் சோறும் சேர்ந்துதானே ஏறியது?

மறுநாள் தம்பி கூப்பிட்டான். லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவன். அதை இன்றுவரை ஒருமுறைகூட அவன் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே அவன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

“அப்பா வாட்ச்சு வாங்கல?” என்று மட்டும் கேட்டான்.

அப்பா பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு மணியடித்துவிடுவார்கள், தோட்டத்தில் யாருக்கும் கடிகாரம் பார்க்கவேண்டிய அவசியம் கிடையாது. அப்படியிருந்தும் தவணைக்கு ஒரு சீக்கோ கடிகாரம் வாங்கினார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மரம் வெட்டப் போகும்போது அதைக் கட்டமாட்டார், பால்கறை பட்டுவிடும். டவுனுக்குப் போகும்போது கட்டுவார். ஆஸ்பத்திரிக்கு, நிலுவைச் சம்பளம் கேட்க ஆபீசுக்கு, என்னை இடைநிலைப்பள்ளியில் சேர்க்க. அங்கேயெல்லாம் பேசும்போது இடது கையை மேசைமேல் வைத்துக்கொள்வார்.

கார்டைத் தேய்த்தேன்.

கடையிலிருந்து திரும்பும்போது காடியில் வைத்து, “உண்மையச் சொல்லு, எதுக்குடா இது?” என்று கேட்டேன். கேமரா, வீடியோ என்று ஏதோ ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். “நாங்க நாலு பேர் ஒண்ணா மால்ல ஒரு கடைக்குள்ள போனா ஜாகா பின்னாலயே வர்றான் அத்தே. எதத் தொட்டாலும் பாக்குறான். இது கையில இருந்தா வரமாட்டான்ல.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன் எப்படி என்று கேட்பவர்களுக்காக: நல்ல போன்தான். டைட்டானியம் சட்டம், அஞ்சு மடங்கு தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ். ஒரு கல்யாணத்தில் என்னுடைய 1,200 வெள்ளிப் போனையும் அதையும் வைத்து ஒரே மேடையைப் படமெடுத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் எது எதில் எடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரவில், மண்டபத்துக்கு வெளியே, வித்தியாசம் தெரிந்தது. அவன் படத்தில் முகம் முகமாக இருந்தது, என் படத்தில் மாவு பூசியதுபோல் இருந்தது. ஓடுகிற குழந்தையைத் தூரத்திலிருந்து பிடித்ததும் அவனுடையதுதான். இந்த வித்தியாசத்துக்கு 5,300 வெள்ளியா என்றால், படமெடுத்துப் பிழைக்கிறவருக்கு இருக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை என்பேன். விலை ஏற ஏற, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது சுருங்கிக்கொண்டே போகிறது. 500 வெள்ளிப் போனிலிருந்து 1,200-க்கு வந்தபோது எனக்கு வாழ்க்கையே லேசானது. அதற்குமேல் அந்த மாதிரி ஒரு தாவல் இல்லை.

நெடுநாள் உழைக்கும் என்றும் சொல்வார்கள். அது பொய்யில்லை. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-இன் புதிய மென்பொருளும் கிடைத்தது. சாம்சங்கும் 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தது. சரி, 6,499 வெள்ளிப் போனை ஏழு ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 928 வெள்ளி. என் 1,200 வெள்ளிப் போன் மூன்றே ஆண்டில் செத்துப்போனாலும் ஆண்டுக்கு 400. அதோடு, ஏழு ஆண்டு ஒரே போனை வைத்திருக்கும் பொறுமை இருப்பவர் அந்தப் போனை வாங்க முதல் மாதமே வரிசையில் நிற்பாரா என்ன?

ஆனால், இதெல்லாம் எனக்கான கணக்கு. அவன் வாங்கப் போனது கேமராவை இல்லையே.

ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டினான். 2024 ஜூலையில் கிடங்கில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதம் பணம் வரவில்லை. “அடுத்த மாசம் சேத்துப் போட்டுர்றேன் அத்தே” என்று குரல்பதிவு வந்தது. அடுத்த மாதம் குரல்பதிவும் வரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். தீபாவளிக்குத் தம்பி குடும்பம் வந்தது, அவன் வரவில்லை. வேலையாம். வடையைப் பிட்டுக்கொண்டே தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். ஒரு போன் எங்கள் வீட்டுக்குள் இத்தனை இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. 270 வெள்ளி என் சம்பளத்துக்குப் பெரிய தொகையில்லை. ஆனால், அறிக்கை வரும் ஒவ்வொரு மாதமும் அந்த வரியில் என் கண் நின்றது, உண்மை.

2025 ஜனவரியில் ஒரு நாள் பள்ளி முடிந்து காடிக்குள் ஏறும் நேரம் அழைத்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.

“அத்தே, அந்த ரெசிட் வச்சிருக்கீங்களா?”

போனை விற்றுவிட்டு என் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் அவனையும் போனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு “ரெசிட் அடா?” என்று கேட்டிருக்கிறார். ரசீது அத்தையிடம், அதில் இருப்பது அத்தை பெயர் என்று இவன் சொல்ல, அவர் போனை முகப்பில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டாராம். ரசீது கேட்பது முறைதான். திருட்டுப் போனை வாங்கிவிட்டால் கடைக்காரருக்குத்தான் தலைவலி. “ஆனா எனக்கு முன்னால ஒருத்தன் வித்தான் அத்தே. அவன்கிட்ட கேக்கல.”

ஜாகா பின்னால் வராமல் இருக்க வாங்கிய போன்.

வீட்டுக்குப் போய், கோப்பிலிருந்து ரசீதை எடுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறினேன். பள்ளிக்குக் கட்டிப் போன புடவை, கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. கழற்றத் தோன்றவில்லை. கடைக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். “சாப்டியா?” என்று கேட்டேன். தலையாட்டினான்.

கடைக்காரர் என் அட்டையைப் பார்த்தார். “சிக்கு, துடுக் துலு” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவனைக் காட்டி, என் மருமகன், போன் இவனுடையது என்றேன். பைக்குள் கையைவிட்டு ரசீதைத் தேடும்போது அவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார். “தக் பாயா லா, சிக்கு.” வேண்டியதில்லையாம்.

ஒரு மணிநேரத்துக்கு மேல் ரயிலில் வந்து, ரசீதை எடுத்துவந்தவளிடம் ரசீது வேண்டாம் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. மரியாதையானவர்தான். அந்த மரியாதையை எனக்கு வாங்கித் தந்தவை ஒரு பருத்திப் புடவையும் பள்ளிக்கூடம் ஓசியில் கொடுத்த ஒரு நெகிழி அட்டையும். பக்கத்தில் நிற்கிறவன் அதற்காக 15 மாதமாக ஒரு விலை கொடுத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. தகுதியான விலையா என்று அவனுக்கு நான் நடத்திய பாடமெல்லாம், இலவசமாக வாங்கிவைத்திருந்தவள் நடத்திய பாடம்.

வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும் ரசீதை எடுத்து முகப்பில் விரித்துவைத்தேன். சூட்டில் அச்சாகும் தாள். எழுத்து பாதி மறைந்துபோயிருந்தது, என் பெயரை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். “தெங்கோ” என்றேன். பாருங்கள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு இவனிடம் திரும்பி, எந்தக் கணக்கில் இருக்கிறது, அதிலிருந்து வெளியேறிவிடு என்று மலாயில் சொன்னார். கொஞ்சம் தணிந்த குரலில்தான்.

3,400 தருகிறேன் என்றார். நான் முகம் சுளித்ததும் விளக்கினார். 16 புரோ மேக்ஸ் போன செப்டம்பரில் 5,999-க்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் அதே 1,199 டாலர்தான், இங்கே ரிங்கிட் தேறியதால் 500 குறைவு. புதுசே குறைந்த பிறகு பழசுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்? உயரமான விலையில் வாங்கி இறங்கிய விலையில் விற்கிறோம். வழக்கமாக நம் ஆட்களுக்கு நிலத்திலும் நகையிலும் நடப்பது, இப்போது போனிலும்.

அவன் கடவுச்சொல்லை ஒரு கையால் மறைத்துக்கொண்டு தட்டினான். திரை வெள்ளையாகி, பல மொழிகளில் வணக்கம் சொன்னது. கடைக்காரர் அதைத் துடைத்து, அதே மாதிரி ஏழெட்டுப் போன்கள் கிடந்த தட்டில் வைத்தார். எது அவனுடையது என்று அடுத்த நிமிடமே எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ரயிலில் கணக்குப் பார்த்தோம். நான் கட்டிய ஆறு மாதம், இனிக் கட்டவேண்டிய ஒன்பது மாதம், ஆக 4,061 வெள்ளி 85 காசு. 3,400 போக 661 வெள்ளி 85 காசு. விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லவில்லை. வீட்டில் என் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். “நானே பாத்துக்கிறேன் அத்தே.”

பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. அந்த மாதம் ஏழாம் தேதி என் கணக்கில் 100 வெள்ளி விழுந்தது. குறிப்பு என்ற இடத்தில் ‘தெலிபோன்’ என்று போட்டிருந்தான். மார்ச்சிலும் வந்தது, ஏப்ரலிலும். கையில் இல்லாத போனுக்கு ஆறு மாதம் நூறு நூறாக அனுப்பினான். ஆகஸ்டில் 61 வெள்ளி 85 காசு வந்தது. அந்த மாதம் குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. தீபாவளிக்கு வந்தான்.