தைலம் இறக்கும் நேரம்

படர்தாமரைக்குப் பூசுகிற வண்டுகொல்லித் தைலத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் திறன் இல்லை என்று ஓர் ஆய்வறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். திருப்பதிப் பக்கத்து மருந்தியல் கல்லூரி ஒன்றில் படிக்கும் பெண், என்னிடம் வாங்கிப்போன தைலத்தைச் சோதித்து எழுதிய அறிக்கை அது. நல்ல பிள்ளை, மறைக்காமல் கொண்டுவந்து காட்டினாள். “ஐயா, இலையோட மெத்தனால் சாறைச் சுத்திப் பூஞ்சை வளராத வளையம், ஜோன், நல்லா வருது. உங்க தைலத்துக்குத்தான் ஒண்ணுமே வரல. காய்ச்சும்போது மருந்து செத்துப்போயிருக்கும்னு எங்க சார் சொல்றாரு” என்றாள்.

“ஏம்மா, அகர்ல எண்ணெய் ஊறுமா?” என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடமும் இருந்திருக்காது போலிருக்கிறது.

பூஞ்சை வளர்க்கிற அகர் தட்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் குழி வெட்டி எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் குழிக்குள்ளேயே நிற்கும். வண்டுகொல்லியில் வேலை செய்கிற கிரைசோபனால், அலோ-எமோடின் போன்றவை தண்ணீரில் கரைய மறுப்பவை, கொழுப்பில் இறங்குபவை. அதனால்தான் அதைத் தைலமாகக் காய்ச்சச் சொன்னார்கள். எண்ணெயை விட்டு வெளியே வராத மருந்து, தண்ணீர்த் தட்டில் வளையம் போடவில்லை என்றால் அது மருந்தின் குற்றமா? மனிதத் தோலின் மேலடுக்கில் கொழுப்பு இருக்கிறது. அங்கே அது இறங்கும். தைலத்தை ஊடகத்தோடு சமமாகக் கலக்கும்படி ஒரு குழம்பாக்கியைச் சேர்த்து, எந்த அளவில் பூஞ்சை வளர்வது நிற்கிறது என்று பார்த்திருக்கலாம். அதற்கு நாளும் பொறுமையும் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன், எந்தப் பூஞ்சையில் பார்த்தாய் என்று. கேண்டிடாவிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரிலுமாம். படர்தாமரை இவற்றால் வருவதா? அது பெரும்பாலும் டிரைகோஃபைட்டான் வகையால் வருவது. சபூரோ ஊடகத்தில் வைத்தால் தலைகாட்டவே ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் எடுக்கும். கேண்டிடா ஒன்றிரண்டு நாளில் முளைத்துவிடும். ப்ராஜெக்ட் தேதி நெருங்கும்போது எது சீக்கிரம் முளைக்கிறதோ அதில் சோதிக்கிறார்கள். இலையையாவது சரியாகப் பார்க்கிறார்களா என்றால், பொடியாகக் கூரியரில் வரவழைத்த சரக்கில்தான் பாதி ஆராய்ச்சி நடக்கிறது. மாதவச் செட்டியும் சிவாஜியும் துளசி ராவும் சேர்ந்து ‘சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெரும் புத்தகத்தை 2008-ல் திருப்பதியிலிருந்தே கொண்டுவந்தார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு காலை நடந்தால், மெழுகுவத்தி நட்டுவைத்த மாதிரி மஞ்சளாகப் பூ நிற்கிற வண்டுகொல்லியை யாரும் காட்ட வேண்டியதில்லை. காய் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், நாலு இறக்கை வைத்த காய் அது.

‘காய்ச்சும்போது செத்துப்போயிருக்கும்’ என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வைத்தியன் இல்லை. வாழ்நாளெல்லாம் தைலம் காய்ச்சியவன், முதலில் என் மாமாவிடம், பிறகு சித்தூரில் லைசென்ஸ் உள்ள ஒரு மருந்துக்கூடத்தில். சட்டியில் சாறு மிச்சமிருக்கும்வரை சூடு கொதிநீரின் சூட்டை விட்டு அதிகம் மேலே போகாது. அந்தச் சூட்டில் கிரைசோபனால் அழியாது. ஆபத்து கடைசிச் சொட்டு நீரும் போன பிறகு வருவது. அதுவரை நூறிலேயே நின்ற சூடு சட்டென்று எகிறும். அந்த இடத்தில் இறக்கத் தெரிந்தவன் காய்ச்சுகிறவன். மற்றவன் அடுப்பெரிக்கிறவன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு கிராமம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் என்றால் புத்தூர் கட்டுதான் தெரியும், எலும்பு முறிந்தால் முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துக் கட்டுவது. அதே மண்ணில் புண்ணுக்கும் தோலுக்கும் எண்ணெய் காய்ச்சிய வீடுகள் இருந்ததை யாரும் பேசுவதில்லை. நகரியின் தறிக்காரர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், ஏர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மாமாவிடம்தான் வருவார்கள். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போய் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றபோது, அவருடைய நோயாளிகள் இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். நோயாளியிடம் தெலுங்கு பேசுவார், கணக்கும் தெலுங்கில் எழுதுவார், சட்டி முன்னால் உட்கார்ந்தால் தமிழ்தான்.

அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது காதால் பார்ப்பதை. சட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்வார். நீர் நிறைய இருக்கும்போது கொதியின் ஓசை தடித்து விழும். போகப்போக மெலியும், இடைவெளி விட்டு வரும். கடைசியில் அடியில் படிந்த கல்கத்திலிருந்து, அதாவது இலை விழுதிலிருந்து, மட்டும் ஒரு முணுமுணுப்பு எழும். “இப்ப எங்க இருக்கு?” என்பார். “மேல தண்ணி போச்சு, கல்கத்துல இருக்கு மாமா” என்று சொன்னால் திரும்பிப் பார்க்க விடுவார். இல்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு நுரை. நெய்யில் நுரை அடங்கினால் பதம், எண்ணெயில் நுரை கிளம்பினால் பதம். இதை மாற்றிச் சொல்கிற பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் விரல். கரண்டி நுனியில் கல்கத்தை எடுத்து, சூடு பொறுக்கும் அளவு ஆற்றி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்ட வேண்டும். ஒட்டினால் போதாது. ஒட்டாமல் திரியாக நீண்டால் மெழுகுப்பதம். திரிக்கும்போதே உதிர்ந்து மணலாக நெருடினால் மணற்பதம். மூக்கில் விடுவது, உள்ளுக்குக் கொடுப்பது, மேலே பூசுவது என்று ஒவ்வொன்றுக்கும் பதம் வேறு. பூசுகிற தைலம் மெழுகைத் தாண்டி மணலின் விளிம்பில் நிற்க வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டுவார். சடசடவென்று வெடித்தால் உள்ளே நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கு. மெழுகுக்கும் கருகலுக்கும் நடுவில் இருப்பது ஒரு வெற்றிலை போடும் நேரம்.

சித்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாகு முறுகினாலும் இளகினாலும் அச்சில் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். வெல்லம் இளகினால் விலைதான் குறையும். தைலத்தில் நீர் தங்கினால் குப்பியிலேயே காறல் அடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சைக்கு மருந்தென்று கொடுத்த குப்பியில் பூஞ்சணம்! முறுகிவிட்டாலோ கருகல் நாற்றத்தோடு வெந்த தோலை மேலும் எரிக்கும்.

மாமா ஒரே நாளில் எந்தத் தைலத்தையும் முடிக்க மாட்டார். முதல் நாள் சாற்றைப் பாதிக்குமேல் சுண்டவைத்து, நெருப்பை வாங்கிவிட்டு, துணி கட்டி மூடிவைப்பார். இலைச்சாற்றில் உள்ள மண்டி இரவெல்லாம் எண்ணெயில் ஊற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரே நாளில் முடிக்காதே என்று பழைய நூல்களும் சொல்கின்றன. மறுநாள் புளியங்கட்டையில் சின்ன நெருப்பு. அடியில் படிகிற மண்டி ஒட்டாமல் துடுப்பு ஓயாமல் ஓட வேண்டும். ‘கொஞ்சம் கை மாத்திக்கோ’ என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அவர் போன பிறகு நான் சேர்ந்த கூடத்தில் முதலில் விறகடுப்புதான். பின்னால் நீராவிச் சட்டி வந்தது. எனக்கு நீராவிச் சட்டியோடு பகை இல்லை, சூடு சீராக ஏறுகிறது, கருகுவது குறைவு. வெப்பமானியைக் குத்திவைத்துவிட்டு ஆளை எடுத்துவிட்டார்களே, அங்கேதான் பிசகு. வெப்பமானி மேலே உள்ள எண்ணெயின் சூட்டைச் சொல்லும். அடியில் கல்கத்துக்குள் நீர் ஒளிந்திருப்பதை அது சொல்லுமா? புதிதாக வந்த பையன்களிடம் விரலில் உருட்டிப் பார் என்றால் “எண் வந்துடுச்சு சார்” என்கிறார்கள். எண் வந்தது, பதம் வரவில்லை. அந்த மாதத்துச் சரக்கு கடைகளிலிருந்து திரும்பி வந்தது. மேலிடத்தில் மூடி சரியில்லை என்று தீர்மானித்தார்கள்.

மத்தன் தைலத்தில் இன்னும் மோசம். ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம். ஆறாத புண்ணுக்கு அதைப் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதை இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் துத்தத்தில் உள்ள செம்பு இரும்பின்மேல் போய்ப் படிந்துகொள்ளும், இரும்பு கரைந்து எண்ணெயில் சேரும். பச்சை நிறம் மங்கி அழுக்காகும். பள்ளிக்கூடத்து வேதியியலிலேயே இருப்பதுதான். வேதியியல் படித்து வந்தவர்களே இரும்புச் சட்டியை ஏற்றியபோது, மண்சட்டியைத் தவிர வேறு தொடாத மாமாவை நினைத்துக்கொண்டேன். அவர் வேதியியல் படித்தவர் இல்லை.

இதையெல்லாம் வெறும் நாட்டுப்புறப் பழக்கம் என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ‘கோவாப் பொடி’ என்று ஒன்று படர்தாமரைக்குப் பெயர்பெற்றிருந்தது. பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் பொடி, போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது. அதிலிருந்து கிரைசரோபின் எடுத்தார்கள். அதன் வழியிலேயே 1916-ல் ஜெர்மனியில் டித்ரனால் செய்தார்கள். சொரியாசிஸுக்கு இன்றைக்கும் மருத்துவர்கள் அறிந்த மருந்து. கிரைசரோபினும் எங்கள் ஏரிக்கரை வண்டுகொல்லியில் இருப்பதும் ஒரே குடும்பத்துச் சரக்கு. வண்டுகொல்லியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான். வந்த செடியை நம்மவர்கள் தோலில் வைத்துப் பார்த்து, எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசி, பிறகு எண்ணெயில் ஏற்றினார்கள். அந்த உழைப்பை ஒரு தட்டில் வளையம் வரவில்லை என்று தூக்கிப்போட முடியாது.

எல்லாவற்றுக்கும் தைலம் என்று மாமா சொன்னதே இல்லை. வைகாசி, ஆனியில் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலை செய்கிற பெண்கள், நாளெல்லாம் கை ஈரமாக இருந்து விரலிடுக்கு வெந்து, நகக்கண் வீங்கி வருவார்கள். நாற்றுநட்டவர்கள் சேற்றுப்புண்ணோடு வருவார்கள். அவர்களுக்கு எண்ணெய் கொடுக்க மாட்டார். “ஈரத்துல வெந்த எடத்துக்கு எண்ணெய் எதுக்கும்மா? ராத்திரி மருதாணி அரைச்சு வை, பகல்ல காய வை” என்று அனுப்பிவிடுவார். திருமலைக்கு அலிபிரி வழியாக மூவாயிரத்துச் சொச்சம் படி வெறுங்காலில் ஏறிக் கொப்புளத்தோடு வருகிறவர்களுக்கும் அப்படித்தான், முதலில் கழுவு, உடைக்காதே. சர்க்கரை நோயாளியின் கால் கறுத்திருந்தால் தொடவே மாட்டார். திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போகச் சொல்வார், பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் கொடுத்தும் அனுப்புவார். இன்று அதே காலுக்கு மத்தன் தைலத்தைக் கேள்வி கேட்காமல் விற்கிறார்கள்.

இன்றைய படர்தாமரை அவர் பார்த்த படர்தாமரையும் இல்லை. ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தேய்த்துவிட்டு வருகிறார்கள். வளையத்தின் ஓரம் அழிந்து, தோல் காகிதமாக மெலிந்து, தொடையெல்லாம் கோடு விழுந்திருக்கும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. எந்தக் கடையில் சீட்டு கேட்கிறார்கள்? டெர்பினாஃபைனுக்கே மசியாத பூஞ்சை ஒன்று இங்கே பரவி, 2020-ல் அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று வைத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் நல்ல தைலம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஒழுங்காகச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குப் பதிலாக, பச்சிலை என்று லேபிள் ஒட்டி உள்ளே ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் வருகின்றன. இரண்டே நாளில் அரிப்பு நின்றால் அதில் இலை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் என் தைலத்தைப் பார்த்து, “இது மெதுவா கேக்குது சார், அதுதான் நல்லா இருக்கு” என்கிறார்.

அந்தப் பெண்ணிடம், மறுபடி சோதிக்க வேண்டுமானால் நானே இன்னொரு சட்டி காய்ச்சித் தருகிறேன் என்றேன். டிரைகோஃபைட்டானில் வை, தைலத்தை ஊடகத்தில் கலந்து வை, தட்டை இரண்டு வாரம் எடுக்காதே. வெறும் தேங்காயெண்ணெய் ஒரு தட்டில், மெழுகுப்பதத்தில் இறக்கியது ஒன்றில், மணற்பதத்தில் இறக்கியது ஒன்றில், முறுகவிட்டது ஒன்றில். நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதம் என்று நாங்கள் சொல்வது பேச்சா பொருளா என்று தெரியும். ஆனால் காய்ச்சும் இரண்டு நாளும் அவள் இங்கே வந்து உட்கார வேண்டும், கல்கத்தை அவள் விரலில் உருட்ட வேண்டும். சாரிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறாள். பரீட்சை முடிந்து வந்தால் ஏரிக்கரையில் இலை தயாராக இருக்கும், மழைக்கு முந்தின இலை, சாறு கெட்டியாக வரும்.