அரை விநாடிப் பொறுமை

பொறுமைக்கு அளவு உண்டா என்று கேட்டால் பெரியவர்கள் பூமாதேவியைக் காட்டுவார்கள். என் மேஜை மீதிருக்கும் கம்ப்யூட்டர் அப்படிச் சுற்றி வளைப்பதில்லை, கணக்காகவே சொல்லிவிடுகிறது. விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 660 பங்கு! அதற்கு மேலும் ஒரு விசையில் விரல் தங்கினால் அதன் பொறுமை போய்விடும். விநாடிக்கு 25 வீதம் அதே எழுத்தைக் கொட்டத் தொடங்கும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வரியை அழிப்பதற்கு ஒரே விசையை நாற்பது தடவை தட்டுவானேன்? அழுத்திப் பிடித்தால் போதும். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இந்த வசதி இருந்தது. 1984-இல் வந்த ஏ.டி. என்னும் மாதிரியில், காத்திருக்கும் நேரத்தையும் கொட்டும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். கால், அரை, முக்கால், ஒரு விநாடி என்று நான்கு தவணைகள். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 எழுத்திலிருந்து 30 வரை.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது என் பெரியப்பாவுக்காக. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டர் பரம சாது. விசையை அழுத்தினால் ஒரு எழுத்து விழும். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு காப்பி குடித்தாலும் இரண்டாவது எழுத்து விழாது. அதில் பழகிய விரல்கள் அவருடையவை. போதாததற்கு, சென்ற இரண்டு வருஷமாக நடுக்கம் வேறு. வைத்த விரலை உடனே எடுக்க முடிவதில்லை.

மகளுக்கு வாரம் ஒரு கடிதம் அவரே அடித்து அனுப்புவது வழக்கம். ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தால் திரையில் பத்து ‘அ’ வரிசையாக நிற்கும். அழிக்கப் போனால் முந்தின வரியும் சேர்ந்து போய்விடும். ஒரு நாள் எழுந்துவிட்டார்.

“கை போச்சுடா. இனிமே எழுத்து நமக்கில்லை” என்றார்.

“நீங்க சொல்லுங்க பெரியப்பா, நான் அடிக்கிறேன்.”

“நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தன் அடிக்க, நான் என்ன ஜட்ஜா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் மூன்று வாரம் கடிதம் போகவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ‘எக்ஸ்செட் க்யூ’ என்று அடித்தால் நடப்பிலுள்ள அளவுகளைக் காட்டும். நான் மேலே சொன்ன 660-ம் 25-ம் அங்கே கண்டவைதான். ‘எக்ஸ்செட் ஆர் ரேட்’ என்று அடித்து, அதன் பின்னால் இரண்டு எண் கொடுத்தால் மாறிவிடும். முதல் எண் காத்திருக்கும் நேரம், இரண்டாவது வேகம். ஜன்னல்கள் இல்லாத வெறும் திரைக்கு ‘கேபிடிரேட்’ என்று இன்னொரு கட்டளை உண்டு. ஆனால் அது 1000-க்கு மேல் காத்திருக்க ஒப்பாது. முதலில் எக்ஸ்செட்டில் 1000 வைத்துப் பார்த்தேன். எப்போதாவது ஓர் எழுத்து இரட்டித்தது. 1500, 10 என்று வைத்தேன். நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்தால் இந்த மாறுதல் மறந்துபோகும். ஆகையால், பெரியப்பா தம் பெயரில் உள்ளே நுழையும்போதெல்லாம் தானாக ஓடும்படி அந்த ஒரு வரியை எழுதி வைத்தேன். என் பெயரில் வேகம் வேகமாகவே இருக்கிறது.

அன்று ஒரு பக்கம் அடித்தார். ஒரு சங்கடம் மிச்சமிருந்தது: அழிக்கும் விசையும் இப்போது ஒன்றரை விநாடி யோசிக்கிறது. அதைச் சொன்னேன்.

“யோசிக்கட்டுமே! அழிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கிறது நல்லதுதானே?” என்றார்.

யாரோ ஒரு என்ஜினீயர், நடுங்காத கை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் எண்ணைப் போட்டார். அது அவர் குற்றமன்று. ஏதாவதொரு எண்ணைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் மாற்றக்கூடிய எண் ஒன்று உள்ளே இருக்கிறது என்பது தெரியாமல், எத்தனை பெரியவர்கள் தங்கள் கைமீதே பழியைப் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்! உங்கள் வீட்டில் யாராவது அப்படி எழுந்தால், “பரவாயில்லை, நான் அடித்துத் தருகிறேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.