முனகாத மோட்டார்

இலங்கையிலிருந்து ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற கற்களுள் ஒன்று, சூடேறியதும் சாம்பலைத் தன்பால் இழுத்தது. 'சாம்பல் இழுப்பான்' என்றே அதற்குப் பெயரிட்டனர். சிங்களத்தில் தோரமல்லி, ஐரோப்பியர் வாயில் டூர்மலின் ஆயிற்று. 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் டூர்மலின், குவார்ட்ஸ் முதலிய படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நுண்ணளவில் உருமாறும் என்பதையும் அடுத்த ஆண்டே உறுதிசெய்தனர்.

என்னைப் போன்ற செய்தியாளரை இந்தப் பௌதிகம் வந்தடைந்தது கமராவின் வழியாக. யப்பானியரான சாஷிதா 1980களின் தொடக்கத்தில் மீயொலி மோட்டாரை உருவாக்கினார். 1987இல் கெனான் நிறுவனம் அவ்வகை மோட்டாரைத் தனது 300 மி.மீ. லென்ஸில் பொருத்தியது. அதில் காந்தம் இல்லை, செப்புச் சுருளும் இல்லை. உலோக வளையமொன்றின் அடியில் ஒட்டிய பீங்கான் (இப்போது தோரமல்லி அல்ல, ஈயம் கலந்த செயற்கைப் பொருள்) நொடிக்கு ஏறத்தாழ 30,000 தடவை அதிர்கிறது. அதிர்வு வளையத்தைச் சுற்றி அலையாக ஓட, மேலே அழுத்தி வைத்த இன்னொரு வளையத்தை அலைமுகடுகள் உராய்ந்து நகர்த்துகின்றன. 20,000க்கு மேற்பட்ட அதிர்வு மனிதச் செவிக்கு எட்டாது. மின்சாரம் நின்றதும் அதே உராய்வு லென்ஸை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

பின்னர் அமெரிக்காவின் நியூ ஸ்கேல் டெக்னாலஜிஸ் நிறுவனம் 'ஸ்குவிகிள்' என்றொரு மோட்டாரைச் செய்தது. 2.8 மி.மீ. அகலம், 6 மி.மீ. நீளம், ஒரு நெல்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸை நகர்த்துவது காந்தமும் சுருளும்தான். மலிவு வென்றுவிடுகிறது.

அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் படமெடுத்தபோதுதான் இந்த அமைதியின் மறுபக்கம் எனக்குப் புலப்பட்டது. பழைய லென்ஸ் முனகினால் கொழுந்து கிள்ளும் பெண்கள் நிமிர்வார்கள்; தலைத்துண்டைச் சரிசெய்வார்கள்; விரும்பாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படம் கெட்டதென்று படப்பிடிப்பாளர்கள் முணுமுணுப்பதுண்டு. ஆயினும் அந்த முனகல் அவர்களுக்கு ஓர் அறிவிப்பு. தம் முகம் கொழும்புப் பத்திரிகையில் வரலாமா என்று தீர்மானிக்க ஒரு கணம் கிடைத்தது. ஒலியற்ற லென்ஸ் அந்தக் கணத்தைப் பறித்துக்கொண்டது. கூடை சுமந்த பெண்களைப் பத்திரிகை அட்டைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்; கேட்டு எடுத்தவை எத்தனை?

கமராவை உயர்த்துமுன் கூப்பிட்டுக் கேட்பதே இப்போது என் வழக்கம். சிலர் சம்மதிப்பார்கள். சிலர் "வேணாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிடுவார்கள்.